இடது கை நாடி

அசையக்கூடாது, பேசக்கூடாது, தூங்கிவிடவும் கூடாது என்று பியூலா சொல்லிவிட்டாள். மூன்றும் சேர்ந்து ஒரே ஆளுக்கு எப்படி வரும், அசையவும் பேசவும் விடாமல் ஏசி அறையில் மல்லாத்திப் போட்டால் தூக்கம்தானே வரும், ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது, காரணம் பியூலாவின் புருவம். ஸ்கேன் எடுக்கிற பிள்ளை, கல்யாணம்கூட ஆகியிருக்காது, திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு என் வலது கைமேல் குனிந்திருக்கிறாள், அவள் புருவம் என் கண்ணுக்கு நேரே இருக்கிறது, திருத்தி ரெண்டு மாசமாவது இருக்கும், வால் பக்கத்தில் நாலைந்து முடி கூட்டத்தை விட்டுப் பிரிந்து காதைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. என் பல்லிடுக்கில் ஒரு முழம் நூல் இருந்தால் போதும், அந்தப் பிள்ளை மூச்சு விட்டு முடிப்பதற்குள் சரி பண்ணிவிடுவேன். பாளையங்கோட்டையில் பார்லர் வைத்து இத்தனை வருஷத்தில் இதுதான் மிச்சம், யாரைப் பார்த்தாலும் முதலில் புருவம், அப்புறம்தான் ஆள். கலெக்டர் ஆபீஸில் கையெழுத்துக்கு நின்றாலும் புருவம், சாவு வீட்டுக்குப் போனாலும் புருவம், அழுகிறவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே இவளுக்கு யார் இப்படி வளைத்துவிட்டது என்று யோசிக்கிற மனசு இது. “காந்திமதியக்கா, சிரிக்காதீங்க, கை ஆடுது,” என்கிறாள் பியூலா. நான் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும், பேசக்கூடாதே, சரி, கூரையைப் பார்க்கிறேன். கூரையில் சதுரம் சதுரமாக வெள்ளை அட்டை, ஒன்றில் மட்டும் ஈரம் இறங்கி டீக்கறை மாதிரி ஒரு படம், பார்க்கப் பார்க்க வாத்து, இன்னும் பார்த்தால் இலங்கை. வலது முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை சுற்றியிருக்கிறது, பிரஷர் பார்க்கிற பட்டை மாதிரிதான், முழங்கைக்கு மேலே குளிர்ந்த ஜெல்லும் அதன்மேல் பியூலா பிடித்திருக்கிற கருவியும். “இப்போ பட்டைய இறுக்கப் போறேன்க்கா. அஞ்சு நிமிஷம் ரத்தம் போகாது. கை மரத்துப் போகும், பொறுத்துக்கிடணும்.” தலையை ஆட்டலாமா என்று தெரியாமல் கண்ணை மூடித் திறக்கிறேன். பட்டை மூச்சை இழுத்து உப்புகிறது, இறுக்குகிறது, இன்னும் இறுக்குகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தபிறகு இன்னொரு தரம்.

நின்றுவிட்டது. ரத்தம் நிற்பது தெரியுமா என்று யாராவது கேட்டால் தெரியும் என்பேன், விரல் நுனியில் முதலில் ஒரு கனம், வேறு யாரோ என் கையை வாங்கி வைத்துக்கொண்டமாதிரி, அப்புறம் எறும்பு. இடது கையில் இதே எறும்பை வருஷக்கணக்காக வைத்திருந்தவள் நான், எனக்குப் போய் பொறுத்துக்கிடச் சொல்கிறாள். ஹசீனா டாக்டரம்மா இந்தச் சோதனையை விளக்கிச் சொன்னபோது நான் பாதி அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பேசும்போது விரல்கள் மேஜைமேல் ஓடும், மேலப்பாளையத்துப் பேச்சு, படித்ததெல்லாம் வெளிநாட்டில் என்றாலும் பேச்சு மாறவில்லை. “ரத்தக்குழாய்ன்னா வீட்டுல தண்ணி வருத பைப்பு மாதிரி சும்மா கெடக்குத சாமான்னு நெனைக்காத காந்திமதி. உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்லு இருக்கு, தரையில ஓடு பதிச்சாப்ல. ரத்தம் உரசிக்கிட்டு ஓடுறது அதுக்குத் தெரியும். தெரிஞ்சவொடனே ஒரு வாயுவை விடும். அந்த வாயு வெளிய இருக்கிற சதையிட்ட போய், தளந்துக்கோ, எடம் விடுன்னு சொல்லும். குழாய் விரியும்.” அந்த வாயுவுக்கு ஆயுசு எவ்வளவு தெரியுமா, சில நொடிதான், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கரைந்துபோகும் என்று சொன்னபோது நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஒரு வாயுவுக்காக ஒருத்தி அழுவாளா. இப்போது ரத்தத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள், பட்டையை அவிழ்த்ததும் அது பாய்ந்து வரும், பாய்ச்சல் உரசியதும் அந்த ஒற்றை வரிசை சேதி விட வேண்டும், விட்டால் குழாய் விரியும், விரிந்தது எவ்வளவு என்று பியூலா அளந்துவிடுவாள். விரியவில்லை என்றால். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, வாத்தைப் பார். வாத்து இப்போது யாரோ ஒரு பொம்பளை தலை குளித்துவிட்டு முடியை முன்னால் போட்டு நிற்கிறமாதிரி இருக்கிறது.

முடி. சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம், அங்கேதான் முதல் முதலாகக் கை என்னை விட்டுப் போனது. மணப்பெண்ணுக்குச் சடை அலங்காரம், இடுப்புக்குக் கீழே முடி, சவுரியே வேண்டாம், அப்படி ஒரு முடி கிடைத்தால் எங்கள் தொழிலில் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். இடது கையால் முடியைத் தூக்கிப் பிடித்து வலது கையால் பின் குத்திக்கொண்டிருந்தேன், கை கனத்தது, ஊசி குத்தியது, திடீரென்று கையையே காணோம், தூக்கிய கை தானாகத் தொப்பென்று இறங்கியது, முடி மொத்தமும் சரிந்து அவள் முகத்தில் விழுந்தது. விரலைப் பார்த்தால் சுண்ணாம்பு. அந்தப் பிள்ளை முடிக்குள்ளே இருந்து, “அக்கா, நா இருக்கேன், நீங்க மெதுவா குத்துங்க,” என்று தன் ரெண்டு கையாலும் தன் முடியைத் தானே தூக்கிப் பிடித்தாள். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், மேளம் கேட்கிறது, உள்ளே மணப்பெண் கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு கைதானவள் மாதிரி நிற்கிறாள், நான் ஒற்றைக் கையால் பூவைச் சொருகுகிறேன், ரெண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் பயந்தேன். அப்புறம் கழுத்தெலும்பு தேய்மானம் என்றார் ஒருத்தர், சத்துக் குறைவு என்றார் ஒருத்தர், ஊசி போட்டுக்கொண்டேன், வெந்தயம் தின்றேன், துணி காயப்போட முடியவில்லை, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் இந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இடது கையைப் பிடித்து நாடி பார்த்தாள், விரலை மாற்றி மாற்றி வைத்தாள், முகம் மாறியது, “இந்தக் கையில நாடியே இல்லியே,” என்றாள் என்னைப் பார்த்து, நான் ஒளித்துவைத்திருக்கிறமாதிரி. பிரஷர் பட்டையைக் கட்டினால் வலது கையில் ஒரு அளவு, இடது கையில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு அளவு. ஒரே உடம்பு, ரெண்டு ஆள். இந்தக் கை மட்டும் எனக்கு முந்திப் போய்விட்டதா என்று அன்றைக்கு ராத்திரி கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விரலெல்லாம் ஆடத்தான் செய்தது, வளையல் சத்தம் போடத்தான் செய்தது.

நோய்க்குத் தகயாசு என்று பெயர், கண்டுபிடித்த ஜப்பான்காரர் பெயராம், என் மாமியாருக்கு அது வாயில் நுழையவில்லை, யார் கேட்டாலும், “எம் மருமவளுக்குத் தக்காளி நோயி,” என்றுதான் சொல்லுவார்கள், சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து தக்காளியை எடுத்துவிடுவார்கள், அத்தை அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்றால், “இருக்கட்டும், எதுக்கு வம்பு.” பெரிய ரத்தக்குழாய்களின் சுவரில் வருகிற அழற்சி, சின்ன வயசுப் பொம்பளைகளைத்தான் தேடிப் பிடிக்கும். ஏன் வருகிறது என்று டாக்டரம்மாவுக்கும் முழுசாகத் தெரியாது, தெரியாது என்று அவர்கள் சொன்னதால்தான் எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்தது. சேதி தவறிப்போகிறது, அதுதான் நோய், தளர்ந்துகொள் என்று சொல்ல வேண்டிய சுவர், வாங்க வாங்க என்று வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகிறது, எதிரியே வராத ஊரில் படையைத் திரட்டுகிறது, வந்தவர்கள் சுவருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறார்கள், சுவர் தடிக்கிறது, வழி குறுகுகிறது. அந்தக் கூப்பாடு ரத்தத்தில் கலந்து ஓடுமாம், ஊசியில் எடுத்து அளந்தால் உள்ளே எவ்வளவு சத்தம் என்று எண்ணாக வந்துவிடும். சத்தம் என்று டாக்டரம்மா சொன்னதும் முத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முத்து என் வீட்டுக்காரர், சுடலைமுத்து, மைக் செட் போடுகிறவர், கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான், உலகத்தில் எதையும் காதால்தான் புரிந்துகொள்வார். வீட்டுக்கு வந்ததும் சட்டையில் குத்துகிற சின்ன மைக்கை என் இடது மணிக்கட்டில் ஒட்டி ஆம்ப்ளிபயரில் மாட்டினார், மூச்சுவிடாமல் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், கொர் என்று இரைச்சல், என் புடவை உரசுகிற சத்தம், தெருவில் ஒரு ஆட்டோ. “சிக்னல் வரலட்டி,” என்றார். அப்புறம் மைக்கைக் கழற்றிவிட்டு மணிக்கட்டில் காதையே வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை, காது சூடாக இருந்தது.

எறும்பு முழங்கைவரை ஏறிவிட்டது, விரல்கள் ஐந்தும் சேர்ந்து ஒரே விரல்போல் தடித்துக் கிடக்கின்றன, “பாதி முடிஞ்சிட்டுக்கா,” என்கிறாள் பியூலா, பாதிதானா. மாத்திரை தின்ற முதல் வருஷம் முகம் உப்பிப் போனது, நிலா முகம் என்று டாக்டரம்மா அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள், நோயில் இப்படி ஒரு அழகான பெயரை யார் வைத்தது, பார்லர்காரி முகமே பூசணிக்காய்போல் இருந்தால் எவள் வந்து பேஷியல் பண்ணிக்கொள்வாள். வந்தார்கள், வரத்தான் செய்தார்கள், வந்தவர்களில் பாதிப்பேர் கண்ணாடிக்குள்ளேயே என்னைப் பார்த்து, “பூசுனாப்ல இருக்கீங்களே, விசேஷமா?” என்று கேட்டார்கள். விசேஷம். நான் புருவத்தை முடிக்கிறவரை பதில் சொல்ல முடியாது, வாயில் நூல், அது ஒரு வசதி. ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள், அவள் முகத்தில் பேஸ் பேக் பூசியபிறகு குழந்தை அழுதது, நான் வாங்கி வலது கையில் போட்டுக்கொண்டேன், இடது கையை நம்பிக் கொடுக்க மாட்டேன், அது என் கழுத்துக்குள் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது, மூச்சு ஈரமாக வந்து வந்து போனது. பேக் காய்ந்து அவள் முகம் இழுத்துப் பிடித்துப் பேச முடியாமல் கையைக் கையை ஆட்டுகிறாள், நான் பார்க்காதமாதிரி நிற்கிறேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. அன்றைக்குத்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சாப்பிடுகிற மாத்திரை பிள்ளைக்கு ஆகாது, மாத்திரையை மாற்ற வேண்டுமென்றால் நோய் அடங்கியிருக்க வேண்டும், “அந்தச் சுவர் தூங்கணும் காந்திமதி. ஒரு வருஷமாவது பொரளாமத் தூங்கணும். அப்புறம் வந்து கேளு, நானே பதில் சொல்லுதேன்.” தூங்கு என்று மனசுக்குள் தாலாட்டினேன், சத்தியமாக, குளிக்கும்போது நெஞ்சைத் தடவி, ரத்தக்குழாய்க்குத் தாலாட்டுப் பாடியவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில். வந்த முதல் வேலையாகக் கழுத்துக் குழாய்களை ஸ்கேன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ரத்தம் போன வாரமே கொடுத்தாயிற்று, இந்தச் சோதனையும் முடிந்தால் டாக்டரம்மா மூன்றையும் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். ஏன் மூன்று என்றால் ரத்தத்தை மட்டும் நம்ப முடியாது. முன்னே ஒரு தரம் ரத்தத்தில் எண் குறைவாக வந்தது, சத்தமே இல்லை, நானும் முத்துவும் போய் அல்வா வாங்கித் தின்றோம், மறு வாரம் ஸ்கேனில் பார்த்தால் கழுத்துக் குழாயின் சுவர் வீங்கிக் கிடக்கிறது. “ரத்தம் பொய் சொல்லுமா டாக்டர்?” என்று கேட்டேன். “பொய் சொல்லாது. எல்லாத்தையும் சொல்லாது,” என்றார்கள். அந்தப் பதிலிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை, ராத்திரி படுத்தால் அது வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும், எல்லாத்தையும் சொல்லாது, எல்லாத்தையும் சொல்லாது. அப்படியென்றால் இன்றைக்கும் சொல்லாமல் விடலாம். சுவர் தூங்குகிறமாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கலாம். பட்டையை அவிழ்த்ததும் ரத்தம் ஓடிவரும், அந்த ஒற்றை வரிசை மறந்துபோயிருக்கலாம், தளர்ந்துகொள் என்று சொல்ல இத்தனை நாள் மாத்திரையில் அதற்கு மறந்திருக்கலாம். பயப்படு காந்தி, இப்போதே பயந்து வைத்துக்கொள், அப்புறம் வருகிறது லேசாக இருக்கும் என்று என்னை நானே உசுப்பிப் பார்க்கிறேன், வழக்கமாக வந்துவிடும், வயிற்றில் இருந்து கிளம்பி நெஞ்சுவரை வரும், இன்றைக்கு என்னவோ பாதியில் நின்று வேறு எதையோ பார்க்கப் போய்விடுகிறது. எழுந்ததிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, தாமிரபரணிப் பாலத்தில் வரும்போது ஆற்றில் தண்ணீர் நிறைய, வெயில் அதன்மேல் விழுந்து உடைந்துகொண்டிருந்தது, ஒன்றுமே நடக்கவில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் இல்லாத சந்தோஷத்தை என்ன செய்வது, யாரிடம் திருப்பிக் கொடுப்பது. முத்துவிடம் சொல்லவில்லை, சொன்னால் கண் பட்டுவிடும், அவர் கண்ணே பட்டுவிடும்.

“அக்கா, விடப் போறேன். அசையவே கூடாது, இதுதான் முக்கியமான நேரம்.” பியூலாவின் குரல் மாறிவிட்டது, அவளும் மூச்சைப் பிடிக்கிறாள். புஸ் என்று பட்டை தளர்கிறது. வருகிறது. சூடு, முதலில் சூடுதான், முழங்கையிலிருந்து கீழே யாரோ வெந்நீரை ஊற்றிக்கொண்டு போகிறமாதிரி, உள்ளங்கை நிரம்புகிறது, ஒன்றாக ஒட்டிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று பெயர் வாங்கிக்கொள்கின்றன, நகக்கண்ணெல்லாம் துடிக்கிறது, மிஷினிலிருந்து சத்தம் ஷ்ஷூ ஷ்ஷூ ஷ்ஷூ என்று அறையை அடைக்கிறது, திருவிழாக் கூட்டத்தில் கயிற்றை எடுத்ததும் ஜனம் ஓடுமே, அந்தமாதிரி ஓடுகிறது, இது என் ரத்தம், என் கையில்தான் ஓடுகிறது, இப்போது உரசும், இப்போது அந்தச் சுவர் விழித்து, ஓ வந்துட்டியா என்று, சொல்லு, சொல்லிவிடு, உனக்கு ஆயுசே சில நொடிதான், எதுக்குத் தயங்குகிறாய், தளர்ந்துகொள் என்று சொல்லிவிட்டுப் போ. கண்ணீர் காதுக்குள் ஓடுகிறது, அதைத் துடைக்க முடியாது, அசையக்கூடாது, காதுக்குள் சூடாக நிறைகிறது. பியூலா திரையைப் பார்க்கிறாள், நான் பியூலாவைப் பார்க்கிறேன். முடிவைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை, டாக்டர்தான் சொல்ல வேண்டும், அது எனக்கும் தெரியும், ஆனால் புருவம் யாரிடம் அனுமதி கேட்கும், அந்தத் திருத்தாத ரெண்டு புருவமும் மெல்ல மேலே ஏறுகின்றன, நெற்றியில் மூன்று கோடு விழுகிறது, அப்புறம் இறங்கிப் பரந்து படுத்துக்கொள்கின்றன. ஆயிரம் முகத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான். கெட்ட சேதிக்குப் புருவம் அப்படிப் படுக்காது, நடுவில் கூடி நிற்கும்.

“அந்தக் கையையும் ஒருதரம் பார்த்துருவோம்க்கா,” என்று சுற்றிக்கொண்டு வந்து இடது மணிக்கட்டில் ஜெல்லைப் பிதுக்கினாள். இடது கையை யாராவது சோதிக்கும்போது நான் எப்போதும் வேறு எங்கேயாவது பார்ப்பேன், பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி விசாரிக்கும்போது தாய் பார்க்கிறமாதிரி. கருவி நகர்கிறது, கொர், கொர், அதே இரைச்சல், நகர்கிறது, திரும்ப வருகிறது, ஷ். இல்லை, அது என் மூச்சு. ஷ்ஷ். மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஷ்ஷ், ஷ்ஷ், ஷ்ஷ். வலது கைமாதிரி வெட்டி வெட்டி வரவில்லை, மெத்தென்று உருண்டு, கொஞ்சம் தாமதமாக, தூரத்தில் யாரோ முற்றம் பெருக்குகிறமாதிரி, ஆனால் நிற்கவில்லை, பெருக்கிக்கொண்டே இருக்கிறது. கதவை யாரோ தட்டுகிறார்கள், தட்டிக்கொண்டே திறந்துவிட்டார்கள், வெளியே காத்துக் கிடந்த முத்துவின் தலை. “சார், உள்ள வரக்கூடாது!” என்று பியூலா கத்துகிறாள். “வரல, வரலம்மா. இப்பம் கேட்டுச்சே, அது எந்தக் கை? அத மட்டும் சொல்லுங்க.” பியூலா என்னைப் பார்த்தாள். பேசக்கூடாது என்று சொன்னவளைப் பார்த்து நான் பேசினேன், “இடது.” தலை அப்படியே நின்றது. ஆயிரம் பேர் கூட்டத்துக்கு முன்னால் மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்கிற மனுஷனுக்கு வாய் திறந்து மூடியது, அப்புறம் கதவும் மெதுவாக மூடியது, கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டரம்மா அறையில் மூன்று முடிவும் வந்துவிட்டது. அவர்கள் எதையும் சொல்லாமல் முதலில் என் இடது கையை எடுத்து மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள், முத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவர்கள் மூடின கண்ணையே பார்க்கிறார், மின்விசிறி சுற்றுகிறது. “இருக்கு,” என்றார்கள். “மெல்லிசா இருக்கு, ஆனா இருக்கு. நீயே பாரு.” என் வலது கை விரலை எடுத்து அவர்களே இடத்தைக் காட்டி வைத்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் அழுத்தாமல் விட்டபோது, கண் இமை துடிக்கிறமாதிரி ஒன்று, போய்விட்டது, மறுபடி ஒன்று. எங்கே போயிருந்தாய் இத்தனை நாள் என்று கேட்கத் தோன்றியது. “அடைச்ச வழி அப்படியேதான் கெடக்கு, அதுல மாத்தம் இல்ல,” என்று டாக்டரம்மா மேஜைமேல் விரலை ஓட்டினார்கள், “அதச் சுத்தி சின்னச் சின்னக் குழாயெல்லாம் பெருத்து வேற வழியில ரத்தத்தக் கொண்டு போகுது. ஒன் ஒடம்பே பார்த்துக்கிட்ட வேலை இது. கழுத்துச் சுவர் வீக்கம் இல்ல. ரத்தத்துல சத்தம் இல்ல. வலது கைக் குழாய் நல்லா விரியுது, சேதி ஒழுங்கா போகுதுன்னு அர்த்தம். மூணும் ஒண்ணத்தான் சொல்லுது.” நோய் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், தூங்குகிறது, எப்போது வேண்டுமானாலும் விழிக்கலாம், மாத்திரையை மாற்ற வேண்டும், மாற்றிச் சில மாசம் பொறுக்க வேண்டும், அதற்கப்புறம் மாசாமாசம் வந்து காட்ட வேண்டும், பிரஷரை வலது கையில்தான் பார்க்க வேண்டும் என்று எல்லா நர்ஸிடமும் நீயே சொல்ல வேண்டும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். எல்லாம் காதில் விழுந்தது, பயம்கூட வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தது, உட்காரட்டும், அதுக்கும் ஒரு இடம் இருக்கட்டும், ஆனால் நான் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லையே. “அப்போ டாக்டர்,” என்றேன், மேலே வரவில்லை. “பெத்துக்கோ,” என்றார்கள் ஹசீனா டாக்டரம்மா, காய்கறிக்காரியிடம் ரெண்டு கிலோ போடு என்று சொல்கிற குரலில், சொல்லிவிட்டு அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முத்து எழுந்து நின்றுவிட்டார். “டாக்டரம்மா, ஒரு சந்தேகம். இவ ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துல நிக்கலாமா, வயித்துப்பிள்ளைக்கு அதிர்ச்சி ஆகாதுல்லா?” “இப்பமேவா?” என்றார்கள் டாக்டரம்மா. “இல்ல, கேட்டு வச்சுக்கிடுதேன்.”

வெளியே வந்தோம், எங்கே போகிறோம் என்று ரெண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை, மருந்துக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, ஒரு வேப்பமரம், எல்லாவற்றுக்கும் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினமாதிரி ஒரு பளிச்சு. முத்து எனக்கு முன்னால் வேகமாக நடப்பதும் நின்று திரும்பிப் பார்ப்பதும் மறுபடி நடப்பதுமாக இருந்தார். “அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லட்டா?” “இன்னும் ஒண்ணும் ஆகலியே, என்னன்னு சொல்லுவீய?” “ஒண்ணும் ஆகல, ஆனா ஆகலாம்னு சொல்லுவேன்.” சொல்லிவிட்டு ரோட்டிலேயே நின்று பேசினார், அந்தப் பக்கம் அத்தை என்ன கேட்டார்களோ, “இல்லம்மா, தக்காளி எல்லாம் குடுக்கலாம்மா,” என்று கத்தினார், போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்த்தாற்போல் ஒரு ஓட்டல். நேற்று ராத்திரிக்கு அப்புறம் நான் ஒன்றும் சாப்பிடவில்லை, சோதனைக்காக வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள், அது அந்த வாசல் மணத்தில்தான் ஞாபகம் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்தோம், இலை போட்டார்கள், ரெண்டு இட்லி வந்தது, சாம்பார் ஊற்றினார்கள், எப்படிப் போனதென்று தெரியவில்லை, நெய்த்தோசை வந்தது, அதுவும் போனது. முத்து தன் இலையைத் தொடாமல் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கிறாரா என் கையைப் பார்க்கிறாரா தெரியவில்லை, அவர் கண் சிவந்து கிடந்தது. பரிமாறுகிறவர் பெரியவர், தோளில் துண்டு, எங்கள் பெஞ்சுக்கு வந்து நின்று, “இன்னும் என்ன வேணும்மா?” என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். வாய் நிறையத் தோசை, சொல்லுவதற்கு எவ்வளவோ இருந்தது, ஒன்றும் வரிசையில் வரவில்லை. “எல்லாம்,” என்றேன். முத்து சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை, துண்டைச் சரிபண்ணிக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தார், “பூரி இருக்கு, பொங்கல் இருக்கு, ரவா தோசை இருக்கு, வடை இப்பம்தான் எடுத்தது, கேசரி சூடா இருக்கு,” ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.